நீங்கள் நிற்கும் இடம் வேறு யாருக்குத் தெரிகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

திருகோணமலையில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். கண்ணாடி உடைந்தது, சார்ஜ் ஏறாதது, கடல் தண்ணீருக்குள் விழுந்தது என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். சிலர் மட்டும் போனை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார்கள். “தம்பி, நான் எங்க போனாலும் ஒராளுக்குத் தெரியுது. போனுக்குள்ள ஏதும் கிடக்கோ எண்டு பாருங்கோ.”

இப்படி வந்த போன்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்ட விசயம் ஒன்றுதான். பெரும்பாலும் யாரும் பூட்டை உடைத்து உள்ளே வருவதில்லை. கதவு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. என்றோ ஒரு நாள் நாமே திறந்துவிட்டு மறந்திருப்போம். இல்லையென்றால் போனை வாங்கித் தந்தவர், கூகுள் கணக்கைத் திறந்து தந்தவர் அதைத் திறந்திருப்பார். அதனால் நான் தேடும் ஒழுங்கும் அப்படித்தான். நாமே பகிர்ந்ததை முதலில் பார்ப்பேன், அப்புறம் கணக்கு, அப்புறம் செயலிகள். உளவுச் செயலியைத் தேடுவது கடைசியில்.

உங்கள் பிரச்சினைக்குக் கிட்ட வருகிற தலைப்பைப் பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். மெனுப் பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். தேடிக் கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் ‘லொகேஷன்’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள், கிட்டக் கொண்டுபோய் விடும்.

“நான் சொல்லவில்லை, ஆனால் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிகிறது”

எதையும் தொடமுன் ஒன்றை யோசியுங்கள். அந்த ‘அவர்’ நீங்கள் பயப்படுகிற ஆளா? அடிக்கக்கூடியவர், வாசலில் வந்து நிற்கக்கூடியவர் என்றால் உடனே எதையும் நிறுத்த வேண்டாம். உங்கள் புள்ளி வரைபடத்திலிருந்து திடீரென்று மறைந்தால், நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிடும். முதலில் நம்பிக்கையான ஒருவரின் போனிலிருந்து உதவி கேளுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, அவசரத்துக்குப் பொலிஸ் 119. அவர் சொன்னது, சொன்ன திகதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திரையில் தெரிவதை வேறொரு போனால் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு கீழே சொல்வதைச் செய்யலாம்.

ஒரு அக்கா வந்திருந்தார். கணவரைப் பிரிந்து பாலையூற்றில் தாயோடு இருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருக்கிறார். ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்தால் கணவரிடமிருந்து ஒரு செய்தி. “கன்னியாவில நிக்கிறாய். பற்றரி பதினொரு வீதம்தான் கிடக்கு. கெதியா வீட்ட போ.” தன்னை யாரோ பின்தொடர்ந்து வந்திருக்கிறார்கள் என்று அவர் நடுங்கிப் போனார்.

பற்றரி வீதத்தைக் கேட்டதும் எனக்கு வேறு ஒன்றும் தேடத் தோன்றவில்லை. கூகுள் மேப்ஸில் ஒருவரோடு இடத்தைப் பகிர்ந்தால், வரைபடத்தில் உங்கள் படத்தோடு பற்றரி எவ்வளவு கிடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஆட்களை வைத்துப் பின்தொடர்பவருக்குப் பற்றரிக் கணக்கு தெரியாது. மேப்ஸைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள தன் படத்தைத் தொட்டு, ‘லொகேஷன் ஷேரிங்’ என்பதற்குள் போகச் சொன்னேன். கணவரின் பெயர் அங்கே இருந்தது. அதற்குக் கீழே, ‘நீங்கள் நிறுத்தும் வரை’ என்ற கருத்தில் ஒரு வரி. அவர்கள் ஒன்றாக இருந்த காலத்தில், கொழும்புக்குப் பஸ் ஏறிய ஒரு இரவில், “எங்க வாறாய் எண்டு பாக்க” என்று போட்டது. அந்த இரவு முடிந்தும் பகிர்வு முடியவில்லை.

பெயரைத் தொட்டு ‘ஸ்டொப்’ கொடுத்தால் அது நின்றுவிடும். ஆனால் இந்த அக்காவின் கதை அத்தோடு முடியவில்லை. கடைசித் தலைப்பில் அவரிடம் திரும்பி வருகிறேன்.

மேப்ஸில் ஒருவர் பெயரும் இல்லையா? அடுத்தது வட்ஸ்அப். செட்டிங்ஸ், பிரைவசி, ‘லைவ் லொகேஷன்’ என்று போனால் யாருக்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும். 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று மூன்று அளவுதான் அதில் உண்டு. அதற்குமேல் தானாக நின்றுவிடும். ஆகவே நாள்கணக்கில் ஒருவருக்கு உங்கள் இடம் தெரிகிறது என்றால் காரணம் இதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு. குழுவுக்குள் போடும் லைவ் லொகேஷனில் மட்டும் கவனம் வேண்டும். பழைய மாணவர் குழுவில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது பேரும் பார்ப்பார்கள். அதில் பாதிப் பேரின் முகம்கூட உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

அங்கேயே ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்பதையும் திறந்து பாருங்கள். உங்கள் வட்ஸ்அப் வேறொரு கணினியிலோ போனிலோ திறந்து கிடந்தால், நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பும் செய்தி எல்லாம் அங்கேயும் போகும். “அம்மா, நான் உப்புவெளியில நிக்கிறன்” என்று எழுதினாலே போதும், வரைபடம் தேவையில்லை. தெரியாத கருவி இருந்தால் அதைத் தொட்டு ‘லொக் அவுட்’ செய்யுங்கள்.

இனிக் கணக்கு. இதுதான் பலர் யோசிக்காத இடம். அண்ட்ராய்ட் போனில் உள்ள கூகுள் கணக்கின் கடவுச்சொல் ஒருவருக்குத் தெரிந்தால், தொலைந்த போனைத் தேடுவதற்கென்று கூகுள் தந்திருக்கும் வசதியால் உங்கள் போன் எங்கே என்று அவர் தன் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஐபோனில் ‘ஃபைண்ட் மை’ அதே வேலையைச் செய்யும். உங்கள் போனில் எந்தச் செயலியும் போடத் தேவையில்லை. செட்டிங்ஸில் கூகுள், அப்புறம் கணக்கு, ‘செக்யூரிட்டி’, ‘யுவர் டிவைசஸ்’ என்று போங்கள். நீங்கள் விற்ற பழைய போன், தம்பியின் லப்டொப், யாருடையதென்றே தெரியாத ஒரு கருவி, எல்லாம் வரிசையாக நிற்கும். உங்களுடையது அல்லாத ஒவ்வொன்றையும் வெளியேற்ற வேண்டும், கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். எதை முதலில் செய்வது என்பதைக் கடைசித் தலைப்பில் சொல்கிறேன், அதை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போடாவிட்டால் போடுங்கள்.

போன் வாங்கும்போது கடைக்காரத் தம்பியே கணக்குத் திறந்து, கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தந்தாரா? அந்தத் துண்டை அவரும் பார்த்தவர்தானே. இதைக் கடையில் வேலை செய்கிற நானே சொல்கிறேன்: வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மாற்றுங்கள்.

கணக்கும் சுத்தம், ஆனால் உங்கள் கைப்பை, மோட்டார் சைக்கிள், பிள்ளையின் புத்தகப்பை போகிற இடமெல்லாம் தெரிகிறதா? அதற்குக் காரணம், தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ‘டேக்’ என்ற ஒரு சிறிய வட்டத் துண்டாக இருக்கலாம். அப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக் 2021இல் வந்தது. சாவி தொலையாமல் இருக்கச் செய்த பொருளை மனிதருக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். 2024 மே முதல் ஐபோனிலும் அண்ட்ராய்டிலும், தெரியாத டேக் ஒன்று உங்களோடு கூடவே வந்தால் போன் எச்சரிக்கும். அண்ட்ராய்டில் ‘சேஃப்டி அன்ட் எமர்ஜென்சி’ பகுதிக்குள் ‘அன்னோன் டிராக்கர் அலர்ட்ஸ்’ என்று இருக்கும். கையாலும் ஒரு தடவை தேடவைக்கலாம். மோட்டார் சைக்கிளில் இருக்கைக்குக் கீழும், பையில் உள்துணிக்குள்ளும் தடவிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் ஒன்றும் கிடைக்காவிட்டால் உளவுச் செயலி. அது போடுவதற்கு உங்கள் போன் கொஞ்ச நேரம் அந்த ஆளின் கையில் இருந்திருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, கெட்ட செயலிகளைத் தேடிப் பிடிக்கும் ‘பிளே ப்ரொடெக்ட்’ நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் நிறுத்தாமல் அது நின்றிருந்தால் யாரோ காரணத்தோடு நிறுத்தியிருக்கிறார். அதைத் திரும்பப் போட்டு ஸ்கேன் கொடுங்கள். செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’, ‘டிவைஸ் அட்மின் அப்ஸ்’ இரண்டிலும் நீங்கள் அறியாத பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘சிஸ்டம் சேர்விஸ்’ போன்ற பொதுவான பெயரில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் அழிக்க வேண்டாம், அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருவரின் கணக்குக்குள்ளோ கருவிக்குள்ளோ அனுமதியில்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். அவர் கணவர், அண்ணன் என்பதால் அது மாறாது. தொழில்நுட்ப ஆலோசனைக்கு, கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

“மேலே அம்புக்குறி போகவே மாட்டேன் என்கிறது, பற்றரியும் நிற்பதில்லை”

ஐபோனில் லொகேஷன் எடுக்கப்படும்போது மேலே ஒரு சிறிய அம்பு வரும். அண்ட்ராய்டில் சில போன்களில் ஊசி போன்ற குறி வரும். நீங்கள் எதையும் திறக்காமல் அது நின்றால், ஏதோ ஒரு செயலிக்கு ‘எப்போதும்’ என்ற அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்.

அண்ட்ராய்டில் செட்டிங்ஸ், லொகேஷன், ‘அப் பெர்மிஷன்ஸ்’. செயலிகள் மூன்று நான்கு கூட்டமாகப் பிரிந்து நிற்கும். முதல் கூட்டம் ‘எப்போதும் அனுமதிக்கப்பட்டவை’. ஒரு தடவை ஒரு மாணவனின் போனில் அந்தக் கூட்டத்தில் டோர்ச் செயலி ஒன்று, கீபோர்ட் ஒன்று, கரம் விளையாட்டு ஒன்று, கூப்பன் செயலி ஒன்று நின்றன. வெளிச்சம் அடிக்க ஒரு செயலிக்கு நான் உவர்மலையில் நிற்கிறேனா உட்துறைமுக வீதியில் நிற்கிறேனா என்று ஏன் தெரிய வேண்டும்? அவற்றுக்கெல்லாம் ‘அனுமதி இல்லை’ கொடுங்கள். வரைபடம், ஓட்டோ பிடிக்கும் செயலிக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ போதும். இந்தத் தெரிவு அண்ட்ராய்ட் 10இல், அதாவது 2019இல் வந்தது. அடுத்த வருடம் 11இல் ‘இந்தத் தடவை மட்டும்’ சேர்ந்தது. அதற்கும் பழைய போன் என்றால் ஆம், இல்லை இரண்டுதான். அப்போது இல்லை என்றே வைத்துவிட்டுத் தேவையான நேரம் திறவுங்கள்.

அண்ட்ராய்ட் 12 தொடக்கம், ஐபோனில் ஐஓஎஸ் 14 தொடக்கம் இன்னொரு நல்ல சுவிட்ச் இருக்கிறது. ‘ப்ரிசைஸ் லொகேஷன்’ என்பதை நிறுத்தினால் செயலிக்கு உங்கள் பகுதி மட்டும்தான் தெரியும், வீடு தெரியாது. அண்ட்ராய்டில் அது கிட்டத்தட்ட 3 சதுர கிலோமீற்றர் பரப்பு. மழை வருமா என்று பார்க்க அது தாராளம். திருகோணமலை நகரத்தில் மழை பெய்தால் மத்திய வீதிக்கும் பெய்யும், திருக்கடலூருக்கும் பெய்யும்.

“எடுத்தால் என்ன, எனக்கு மறைக்க ஒன்றுமில்லை” என்பார்கள். அவர்களுக்காக இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். இலவசச் செயலிகள் பலவற்றுக்குள் விளம்பர நிறுவனங்களின் சிறு நிரல்கள் இருக்கும். அவை இடத்தைத் திரட்டி விற்கும். பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான் என்று சொல்வார்கள். ஆனால் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 15 இலட்சம் பேரின் போன் தரவை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் எந்த நேரம் எங்கே நின்றார் என்று நான்கு புள்ளி தெரிந்தால் போதும், 95 வீதமானவர்களைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று அதில் தெரிந்தது. நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு செல்வநாயகபுரத்தில் ஒரு வீடு, காலை எட்டரைக்கு உட்துறைமுக வீதியில் ஓர் அலுவலகம், வெள்ளி மாலை பத்திரகாளி அம்மன் கோயில், ஞாயிறு மாலை டச்சுக் குடா. இந்த நான்கும் சேரும் ஆள் ஊரில் எத்தனை பேர்? பெயர் போடாமலே அது நீங்கள்தான்.

இது கற்பனை அல்ல. 2019 டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் கைக்கு இப்படியான ஒரு கோப்பு வந்தது. 1 கோடி 20 இலட்சம் போன்கள், 5,000 கோடி இடப் புள்ளிகள். அதிலிருந்து தனி மனிதர்களை அடையாளம் கண்டு வீட்டுக் கதவு வரைக்கும் போனார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், எக்ஸ்-மோட் என்ற நிறுவனம் வைத்தியசாலை, வழிபாட்டிடம் போன்ற இடங்களைக் காட்டும் தரவை விற்கக்கூடாது என்று தடுத்தது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், டோர்ச் செயலியின் அனுமதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

“முகவரி கொடுக்கவே இல்லை, ஆள் வீட்டு வாசலில் நிற்கிறார்”

குச்சவெளிப் பக்கத்து அண்ணா ஒருவர் தன் படகு எஞ்சினை விற்க ஒரு குழுவில் அறிவித்தல் போட்டார். விரும்பிக் கேட்டவருக்குப் படம் தெளிவாக இருக்கட்டும் என்று நினைத்து, வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்பினார். அடுத்த நாள் காலை ஆறரைக்கு முன்பின் தெரியாத இரண்டு பேர் படலையைத் தட்டினார்கள். நல்ல மனிதர்கள், எஞ்சினை வாங்கிக்கொண்டும் போனார்கள். ஆனால் அண்ணாவின் மனைவிக்கு அன்றைக்கு முழுக்க நெஞ்சு படபடத்தது.

போனில் எடுத்த படம் ஒன்றைத் திறந்து மேலே தள்ளிப் பாருங்கள். கமராவுக்கு லொகேஷன் அனுமதி இருந்தால், திகதிக்குக் கீழே ஒரு குட்டி வரைபடம் வரும். படத்தோடு சேர்ந்து இரண்டு எண்கள் பதிந்திருக்கின்றன. கோணேசர் கோயிலில் நின்று எடுத்தால் அவை 8.5825, 81.2456 என்ற அளவில் இருக்கும். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் இருந்தால் நூறு மீற்றர் சொச்சத்துக்குள் இடம் தெரியும். நான்கு இருந்தால் பதினொரு மீற்றர். ஐந்து என்றால் ஒரு மீற்றர். போன் எழுதுவது பெரும்பாலும் அதற்கும் மேலே. வெட்டவெளியில் போனின் ஜிபிஎஸ் ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாக இருக்கும். வீட்டின் எந்தப் பக்கத்து முற்றத்தில் எஞ்சின் கிடக்கிறது என்று சொல்ல அது போதும்.

சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது வட்ஸ்அப் இந்தக் குறிப்பைக் கழற்றிவிடுகிறது. டொக்யுமென்ட் ஆக அனுப்பினாலோ மின்னஞ்சலில் இணைத்தாலோ குறிப்பும் கூடவே போகும். கமராவின் செட்டிங்ஸில் ‘லொகேஷன் டேக்’ என்பதை நிறுத்திவிட்டால் இனி எடுப்பவற்றில் வராது. பழைய படங்களுக்கு, ஐபோனில் ஷேர் கொடுக்கும்போது மேலே ‘ஒப்ஷன்ஸ்’ தொட்டு லொகேஷனை எடுத்துவிடலாம். அண்ட்ராய்டில் அவசரத்துக்கு ஒரு சுலப வழி, படத்தைத் திரையில் வைத்து ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அதை அனுப்புவது.

குறிப்பைக் கழற்றினாலும் படத்துக்குள் தெரிவதைக் கழற்ற முடியாது. பின்னால் கடைப் பலகையும் வளைந்த தென்னையும் இருந்தால், ஊரவருக்கு எண்ணே தேவையில்லை.

“லொகேஷனை நிறுத்திவிட்டேன், இன்னும் தெரிகிறது”

இதில் பயம் குறைவு, குழப்பம்தான் கூட. மேலிருந்து இழுத்து லொகேஷனை நிறுத்தினால் நின்றுபோவது செயலிகளுக்கு ஜிபிஎஸ் போவது. ஆனால் இணையத்தில் நுழையும்போது உங்கள் இணைப்புக்குக் கிடைக்கும் எண்ணான ஐபி முகவரியை வைத்து இணையத்தளங்கள் உத்தேசமாக நாட்டையும் ஊரையும் கணிக்கும். நம் பக்கம் அது பல வேளை கொழும்பு என்றே காட்டும். பார்த்துவிட்டு “என்ர போனை ஆரோ கொழும்பில இருந்து பாவிக்கினம்” என்று ஓடி வருவார்கள். பயப்பட வேண்டாம், இணைய நிறுவனத்தின் இணைப்பு அங்கே பதிவாகியிருப்பதால்தான் அப்படிக் காட்டுகிறது.

வைஃபை, புளூடூத் இரண்டையும் நிறுத்தினாலும் சுற்றியுள்ள வைஃபைப் பெயர்களைத் தேடி இடத்தைக் கணிக்கும் வேலை தனியாக ஓடலாம். செட்டிங்ஸ், லொகேஷன், ‘லொகேஷன் சேர்விசஸ்’ என்பதற்குள் ‘வைஃபை ஸ்கேனிங்’, ‘புளூடூத் ஸ்கேனிங்’ என்று இரண்டு சுவிட்ச். தேவையில்லாவிட்டால் நிறுத்துங்கள்.

இன்னொன்று, கூகுளின் ‘வெப் அன்ட் அப் அக்டிவிட்டி’. நீங்கள் தேடுவதையும் செயலிகளில் செய்வதையும் பதிந்து வைப்பது அது. லொகேஷன் ஹிஸ்டரியை (இப்போது அதன் பெயர் ‘டைம்லைன்’) நிறுத்தினாலும் இந்த வழியால் இடம் சேமிக்கப்படுகிறது என்று 2018இல் ஏபி செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. அமெரிக்காவின் 40 மாநிலங்கள் விசாரணை நடத்தி, 2022 நவம்பரில் கூகுள் 39 கோடி 15 இலட்சம் டொலருக்கு இணங்கியது. கூகுள் கணக்கில் ‘டேட்டா அன்ட் பிரைவசி’ பகுதியில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

போன் நிறுவனத்தின் கோபுரத்துக்கு நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியும். சிம் வேலை செய்வதே அப்படித்தான். சிம் வேலை செய்யும் வரை அதை எந்த லொகேஷன் செட்டிங்காலும் நிறுத்த முடியாது.

“ஓடும் பாதை எல்லாருக்கும் தெரிகிறது”

காலையில் ஓடுபவர்கள், சைக்கிள் ஓடுபவர்களுக்கு இது. 2017 நவம்பரில், ஓடும் பாதையைப் பதியும் செயலியான ஸ்ட்ராவா தன் பாவனையாளர்கள் ஓடிய தடங்களை எல்லாம் சேர்த்து உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் அவுஸ்திரேலிய மாணவர் அதைப் பார்த்து, பாலைவனத்தின் நடுவில் இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை ஒளிக்கோடாகத் தெரிகிறது என்று சொன்னார். சிப்பாய்கள் சுகத்துக்காக ஓடியதுதான்.

நம் ஊரில் பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், துறைமுகப் பக்கம் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால்தான் ஏறுகிறோம். ஆனால் எனக்கு முகாம்களைவிட வீடுகள்தான் கவலை. ஒரு தங்கச்சி தினமும் ஐந்தே முக்காலுக்குத் தன் படலையில் தொடங்கி டச்சுக் குடா வரை ஓடித் திரும்பினால், வீடும் நேரமும் தனியாக ஓடுகிறார் என்பதும் வரைபடத்தில் ஒரு கோட்டில் இருக்கும். செயலியில் யார் பார்க்கலாம் என்பதை ‘ஒன்லி யு’ என்றோ தெரிந்தவர் மட்டும் என்றோ மாற்றுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதியும் இருக்கிறது. அதைவிடச் சுலபம், கடற்கரைக்குப் போன பிறகு ‘ஸ்டார்ட்’ அழுத்துவது.

“பிள்ளையை வரைபடத்தில் எல்லாரும் பார்க்கிறார்கள்”

ஸ்னாப்சட்டில் 2017 முதல், நண்பர்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் ஸ்னாப் மேப் இருக்கிறது. அதற்குள் போய் ‘கோஸ்ட் மோட்’ போட்டால் பிள்ளையின் உருவம் வரைபடத்தில் இருந்து போய்விடும். போனைப் பறித்து நீங்களே செய்யாதீர்கள். பக்கத்தில் இருத்தி, “ரியூசனுக்குப் போற வழி முழுக்கத் தெரியுது பார்” என்று காட்டி, பிள்ளையின் விரலாலேயே செய்யுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே திரும்பப் போட்டுவிடும்.

“ஓட்டோ, சாப்பாடு கொண்டுவருபவருக்கு வீடு தெரிந்துவிட்டது”

தனியாக இருப்பவர் என்றால் புள்ளியை வீட்டில் குத்தாமல் சந்தியில் குத்துங்கள். ‘ஹோம்’ என்று சேமித்ததையும் சந்திக்கு மாற்றலாம். முப்பது மீற்றர் நடக்க வேண்டி வரும், அவ்வளவுதான்.

“எட்டு மணித்தியாலத்தில் நின்றுவிடுகிறது, வீட்டில் பயப்படுகிறார்கள்”

இது மேலே சொன்னவற்றுக்கு நேர் எதிரான முறைப்பாடு. திருக்கடலூரில் கடலுக்குப் போகும் ஒரு தம்பி, போகுமுன் தாய்க்கு லைவ் லொகேஷன் போடுவார். பின்னேரம் ஐந்துக்குப் போட்டால் இரவு ஒரு மணிக்கு முடிந்துவிடும், படகு விடியத்தான் வரும். தாய் நித்திரை இல்லாமல் இருப்பார். எப்போதும் ஓடும் ஒரு இலவசச் செயலியைப் போடவா என்று கேட்டு வந்தார்.

வேண்டாம் என்றேன். கடலில் அவருக்கு அது தேவை, சரி. ஆனால் கரைக்கு வந்த பிறகும் வருடக்கணக்கில் ஓடும், எந்த நிறுவனத்திடம் போய்ச் சேருகிறது என்று அவருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. அதைவிடப் பெரிய விசயம் ஒன்று. கரையிலிருந்து தூரம் போனதும் சிக்னல் போய்விடும். அப்போது தாய் பார்க்கும் புள்ளி படகு அல்ல. சிக்னல் கடைசியாக இருந்த இடம். புள்ளிக்குக் கீழே கடைசியாகப் புதுப்பித்த நேரம் இருக்கும். அதை வாசிக்கத் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். புள்ளி அசையாமல் நின்றால் படகு நின்றது என்று அர்த்தமில்லை என்பதையும். சிக்னல் உள்ள இடத்துக்குத் திரும்பி வந்ததும் புதிதாக ஒன்று போட்டால் போதும். நடுக்கடலில் ஆபத்து என்றால் உதவப் போவது வட்ஸ்அப் அல்ல, படகில் உள்ள வானொலிதான். அதைப் பழுதில்லாமல் வைத்திருக்கச் சொல்லியும் அனுப்பினேன்.

“எல்லாம் சரி செய்தேன், இரண்டு கிழமையில் திரும்ப வந்துவிட்டது”

அந்த அக்கா இரண்டாவது தடவை வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மேப்ஸில் கணவர் பெயர் இல்லை. கடவுச்சொல்லும் முதல் தடவையே மாற்றியாயிற்று. ஆனால் அவர் கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனதை, பாலம் கடந்த நேரத்தோடு கணவர் சொல்லியிருக்கிறார்.

கணக்கின் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குள் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தேன். கடவுச்சொல் மறந்தால் குறியீடு அனுப்புவதற்கான ‘ரிக்கவரி போன்’ இலக்கத்தில் கடைசி இரண்டு இலக்கத்தை அவருக்குக் காட்டினேன். “அது அவற்ற நம்பர்” என்றார். ‘ரிக்கவரி ஈமெயில்’ என்பதும் கணவருடையதே. நாங்கள் எத்தனை தடவை கடவுச்சொல் மாற்றினாலும், ‘மறந்துவிட்டேன்’ என்று ஒரு தட்டுத் தட்டினால் குறியீடு அவருடைய போனுக்குப் போகும். அதோடு அவர் திரும்ப உள்ளே. இந்த இரண்டையும் மாற்றாமல் விட்டது என் பிழை. அன்று முதல் யார் வந்தாலும் கடவுச்சொல்லுக்கு முன்னால் இவற்றைத்தான் பார்க்கிறேன்.

நீங்களும் அந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். ரிக்கவரி இலக்கம், ரிக்கவரி மின்னஞ்சல், அப்புறம் கடவுச்சொல், அப்புறம் தெரியாத கருவிகளை வெளியேற்றுதல். பழைய சிம் ஒன்றின் இலக்கம் அங்கே கிடந்தால் அதையும் எடுங்கள். ரீலோட் போடாமல் விட்ட இலக்கம் வேறொருவர் கைக்குப் போகலாம். போனைத் திறக்கும் குறியீட்டையும் மாற்றுங்கள். அதில் பிள்ளையின் பிறந்த திகதி வேண்டாம், வீட்டாருக்குத் தெரிந்த எந்தத் திகதியும் வேண்டாம்.

பொலிஸில் என்ன சொல்வது என்று அந்த அக்கா முதலே 1938இல் கேட்டு வைத்திருந்தார். செய்திகளையும் திகதிகளையும் எழுதிய கொப்பி கைப்பையில் இருந்தது. புது இலக்கமாகத் தாயின் போனைப் போட்டோம். குறியீடு வந்ததும் தாய் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாக வாசித்தார், மகள் தட்டினார். வேலை முடிய இருபது நிமிடம்.